கடலைப் பார்த்த கடை

1

நோர்வேயில் நான் வேலை செய்யும் மீன் தொழிற்சாலையில் முப்பது வருடம் முடித்தவருக்குத் தேநீர் இடைவேளையில் ஒரு கேக் வெட்டி, ஒரு கைக்கடிகாரம் கொடுப்பார்கள். இந்த வருடம் என் முறை. முகாமையாளர் சின்னதாக ஒரு பேச்சுப் பேசினார். என் பெயரை ‘மாரியா ரூசா’ என்று வாசித்தார். மரியறோஸ் என்று திருத்தித் திருத்தி அலுத்துப்போனதால் சிரித்துக்கொண்டே நின்றேன். அந்த நேரம் பார்த்து மேலங்கிப் பைக்குள் கைபேசி அதிர்ந்தது. சப்பாத்துகள் அடுக்கியிருக்கும் அறைக்குள் போய் எடுத்தேன்.

மச்சாள். என் அண்ணன் சூசையின் மனைவி பிலோமினா. மன்னார்த் தீவின் வடகரையில், பேசாலைக்கு அப்பால், கடற்கரையிலேயே ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். நண்டு, இறால், மீன். ஒன்பது மேசை.

“றோஸ், கடையை ஒரு ஆள் கேக்குது,” என்றார்.

“ஆர்?”

“கொழும்பு ஆள். ரெண்டு தரம் வந்து நண்டு சாப்பிட்டிட்டுப் போனவர். மூண்டாம் தரம் அளவு நாடாவோட வந்தவர்.”

“என்ன விலை சொல்லுறார்?”

“சொல்லுறார். அது நல்ல விலையோ கெட்ட விலையோ எண்டு எனக்குத் தெரியேல்ல. நீ மீனைப் பாத்துத் தரம் பிரிக்கிற ஆள்தானே. ஒருக்கா வந்து பாத்துச் சொல்லு. மற்றது, ரெண்டு கடுதாசியில உன்ர கையெழுத்தும் வேணும்.”

“காணிக்கு ஒண்டு. மற்றது என்னத்துக்கு?”

“வாவன். வந்தாப்பிறகு சொல்லுறன்.”

திரும்பி உள்ளே போனபோது எனக்கான கேக் துண்டைத் தட்டில் மூடி வைத்திருந்தார்கள். இரண்டாவது கடுதாசி எதற்கென்று எனக்கு அப்போதே தெரிந்திருந்தது.

2

ஊரில் உள்ளவர்கள் கேட்பார்கள், மீன் தொழிற்சாலையில் நீ என்னதான் செய்கிறாய் என்று. ஒரு கண்ணாடி மேசை. அதற்குக் கீழே விளக்கு எரியும். தோலுரித்த கொட் மீன் துண்டை மேலே வைத்தால், சதைக்குள் இருக்கிற முள்ளும் புழுவும் நிழலாகத் தெரியும். அவற்றை எடுத்துவிட்டு, இது முதலாம் தரம், இது இரண்டாம் தரம் என்று தள்ளிவிட வேண்டும். அவ்வளவுதான் என் உத்தியோகம். வெளியே மாரியில் இரண்டு மாதம் சூரியன் வராது. உள்ளே எப்போதும் ஒரே வெளிச்சம்.

மகள் அனிற்றா ஒஸ்லோவில் படித்து, அங்கேயே ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறாள். கடைகளையும் கம்பனிகளையும் வாங்க நினைப்பவர்களுக்கு, அவை என்ன பெறும் என்று கணித்துக் கொடுக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவாள். தமிழ் எல்லாம் விளங்கும். பேசும்போது சொல்லைத் தேடித் தேடி வைப்பாள். சின்ன வயதில் ஒரு நாள் கேட்டாள், “அம்மா, மாமா இன்னும் தொலைஞ்சுதான் இருக்கிறாரா?” என்று. ஊரில் காணாமற்போன என் அண்ணனை, எங்கோ வைத்துவிட்ட பூட்டுத் திறப்பைப் பற்றிக் கேட்பதுபோல. அவள் அப்பா சிரித்தார். என்னால் முடியவில்லை.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் வந்த ஆறாம் மாதம் நகரசபைக் கந்தோரில் குடும்ப விபரப் படிவம் நிரப்பினார்கள். மொழிபெயர்ப்பாளர் அன்று வரவில்லை. சகோதரர் யாராவது உண்டா என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கேட்டார். ஒரு அண்ணன் என்றேன். எங்கே இருக்கிறார் என்று கேட்டார். படித்த கொஞ்ச நோர்வேஜிய மொழியில் ‘பொர்த்தெ’ என்றேன். அங்கே அந்தச் சொல்லுக்கு, இங்கே இல்லை, போய்விட்டார், காணவில்லை என்று எல்லாப் பொருளும் உண்டு. செத்தவர்களைச் செத்தார்கள் என்று சொல்லக் கூசுகிறவர்களும் அந்தச் சொல்லைத்தான் சொல்வார்கள். எனக்கு அது தெரியாது. அந்தப் பெண் பேனையை வைத்துவிட்டு என் கையைப் பிடித்து, தன் அனுதாபத்தைச் சொன்னார். பிறகு எழுதினார்.

வீட்டுக்கு வந்து அகராதி பார்த்தபோதுதான் என்ன நடந்தது என்று விளங்கியது. அடுத்த நாளே போய்த் திருத்தியிருக்கலாம். போகவில்லை. ஊரில் மச்சாளும் அப்பாவும் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், இங்கே ஒரு கடுதாசியில் அண்ணன் செத்துப்போனார். அதைச் சொன்ன வாய் என்னுடையது. இதை நான் இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

3

அனிற்றா தானும் வருகிறேன் என்றாள். “இது என்ர வேலைதானே அம்மா,” என்றாள். எனக்கு ஆச்சரியம். ஏழு வருடமாக ஊருக்குக் கூப்பிட்டு வராதவள்.

கடை அமைந்திருக்கும் நிலம் ஒருகாலத்தில் எங்கள் அப்பாவின் வாடி. வலையும் கருவாடும் வைக்கிற கொட்டில் ஒன்று இருந்தது. தார் வீதியிலிருந்து மணலில் அரைக் கிலோமீற்றர் உள்ளே போக வேண்டும். ஆட்டோக்காரர் பாதி வழியில் நிறுத்திவிட்டார். “சில்லுப் புதையும், நடந்து போங்கோ,” என்றார். அனிற்றா கைபேசியில் அதைக் குறித்துக்கொண்டாள்.

மச்சாள் வாசலில் நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. அனிற்றாவின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துப் பார்த்துவிட்டு, “மூக்கு அவற்ர மூக்கு,” என்றார். அண்ணனைத்தான் சொன்னார். பிறகு ஒரு மேசையைக் காட்டினார்.

“விலை பாக்க வந்தனீங்கள். இருந்து, எல்லாரையும்போலச் சாப்பிட்டு, காசு குடுத்திட்டுப் போங்கோ. சும்மா சாப்பிட்டா எல்லாம் ருசியாத்தான் இருக்கும்.”

அதனால் எல்லாரையும்போலவே உட்கார்ந்தோம். கதிரை மணலில் ஒரு பக்கம் சரிந்தது. தென்னோலைக் கிடுகுக் கூரை கடல் பக்கம் உப்பில் கறுத்திருந்தது. மூன்று வருடம் தாங்க வேண்டியது ஒன்றரை வருடத்தில் போய்விடும் என்று பரிமாறிய பெண் சொன்னாள். கை துடைக்கும் கடதாசித் துண்டுகள் காற்றில் நிற்கவில்லை. நான் எழுந்து சமையலறைக்குள் போனேன். மீன் பெட்டியில் ஐஸ் நிறைய இருந்தது. விளைமீனின் கண் தெளிவாக இருந்தது, செவுள் சிவப்பாக இருந்தது. பொரிக்கிற எண்ணெய் புதிது. நண்டுகள் உயிரோடு இருந்தன. என் மேசைக்கு வந்திருந்தால் எல்லாவற்றையும் முதலாம் தரத்தில் தள்ளியிருப்பேன்.

நண்டுக் கறியை என்னவென்று சொல்ல? மிளகும் முருங்கையிலையும் தேங்காய்ப்பாலும் ஒன்றையொன்று மூடாமல் இருந்தன. ஓடு வெடிக்காமல் கால் முழுதாக வெந்திருந்தது. அனிற்றா விரல்களைச் சூப்பிக்கொண்டே பரிமாறிய பெண்ணிடம் கேள்வி கேட்டாள். ஒரு நாளைக்கு எத்தனை பேர், எந்த மாதம் கூட, எந்த மாதம் குறைய. காற்றில் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்கி விளையாட வரும் வெள்ளைக்காரர் மலிவு என்று சொல்லிச் சாப்பிடுகிறார்கள். ஊர்ச் சனம் பிள்ளைகளின் முதல்நன்மைப் பூசை, கலியாணம் என்றால் மட்டும் வருகிறது, விலை கூட என்று முணுமுணுக்கிறது. வாடைக்காற்று அடிக்கிற மாதங்களில் ஒருவரும் வருவதில்லை.

அனிற்றா என்னிடம் மெதுவாகச் சொன்னாள். “சாப்பாடு நல்லது அம்மா. ஆனா இடம் பிழை. இதே கடை வீதியில இருந்தா ரெண்டு மடங்கு வரும். ஏன் இவ்வளவு தூரத்தில போட்டவா?”

“தெரியாது.”

அவள் உணவுப் பட்டியலை மறுபடி மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு எழுந்துபோய் மச்சாளிடமே கேட்டாள்.

“மாமி, கணவாய் ஏன் இல்லை? வெளிநாட்டு ஆக்கள் முதல்ல அதைத்தானே கேப்பினம். இந்தக் கடல்ல இருக்குத்தானே?”

மச்சாள் மேசை துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

“இருக்கு பிள்ளை. இஞ்ச சமைக்கிறேல்ல.”

4

நான் புறப்படுவதற்கு மூன்று நாளைக்கு முன்னர் நடந்தது இது. எனக்கு இருபத்துமூன்று வயது. கொழும்புக்குப் போய் அங்கிருந்து விமானம் ஏற வேண்டும். நாள் குறித்தாகிவிட்டது. மாற்றினால் எல்லாமே போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள்.

சாயந்தரம் அண்ணன் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். “அங்க போனா என்னத்தைச் சாப்பிடப் போறாய்?” என்று பகிடியாகக் கேட்டார். எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க, “போறதுக்குள்ள ஒருக்காக் கணவாய்க் கறி சாப்பிடோணும்,” என்றேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். பிட்டு என்றிருக்கலாம். கத்தரிக்காய் என்றிருக்கலாம்.

சண்டை நடந்த அந்த நாட்களில் கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும், நேரக் கட்டுப்பாடு உண்டு. மறுநாள் காலை அண்ணனுக்குக் கடலுக்குப் போக அனுமதி இல்லை. ஆனாலும் விடியப் போனார். நான் கிணற்றடியில் நின்றேன். வள்ளத்தைத் தள்ளிக்கொண்டே, “பின்னேரம் வந்திடுவன். பெட்டியைக் கட்டிப்போடாதை, வைக்கிறதுக்குச் சாமான் இருக்கு,” என்றார். கடல் தட்டாக இருந்தது. காற்றே இல்லை.

பின்னேரம் வரவில்லை. அடுத்த நாள் இரண்டு வள்ளங்கள் தேடிப் போயின. ஒரு பலகையும் கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் ஒரு மனிதன் கடலில் இல்லாமல் போவதற்குப் பல வழிகள் இருந்தன. எந்த வழி என்று இன்றுவரை தெரியாது. மூன்றாம் நாள் அப்பா என் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்தார். “நீயாவது போ,” என்றார். மச்சாள் கரையில் இருந்தார். அவருக்குச் சொல்லாமல் பஸ் ஏறினேன். அவர்களுக்குக் கலியாணம் முடிந்து இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

நோர்வேயில் கணவாய் கிடைக்கும். உறைந்த வளையங்களாகப் பையில் வரும். அனிற்றாவின் அப்பா ஒருமுறை வாங்கிவந்தார். எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொன்னேன். அவர் நம்பிவிட்டார்.

5

மறுநாள் மத்தியானக் கூட்டம் போனபிறகு மச்சாளும் நானும் சமையலறைப் பின்பக்கம் இறால் உரித்தோம். அனிற்றா கடலோரம் நடக்கப் போயிருந்தாள். மச்சாளாகவே பேச்சைத் தொடங்கினார்.

“ரெண்டாவது கடுதாசி மரணச் சான்றிதழுக்கு. காணி மாமாவின்ர, உன்ர அப்பாவின்ர பேரில கிடக்குது. மாமாவும் போயிட்டார். அவற்ர பிள்ளையள் ரெண்டு பேர். நீ கையெழுத்து வைப்பாய். மற்றவர் எங்க எண்டு கேக்கினம்.”

“விக்கிறதுக்காகவோ மச்சாள் இதைச் செய்யிறீங்கள்?”

“இல்லை.” ஒரு இறாலை உரித்து முடித்துவிட்டுத்தான் அடுத்த சொல்லைச் சொன்னார். “உன்ர மகள் கேட்டவள், ஏன் இவ்வளவு தூரத்தில கடை போட்டனீங்கள் எண்டு. கெட்டிக்காரி. மாமா எனக்கு வீதியோரக் காணியைத்தான் தாறன் எண்டவர். நான்தான் இந்த வாடிக் காணியைக் கேட்டு வாங்கினனான். இதில இருந்து பாத்தா ரெண்டு பக்கமும் கரை தெரியும். எந்த வள்ளம் வந்தாலும் தெரியும். ஒரு பொம்பிளை சும்மா கரையில இருந்தா விசரி எண்டுவினம். கடை வச்சா ஒருத்தரும் ஒண்டும் கேக்காயினம்.”

நான் அடுத்த இறாலை எடுத்தேன்.

“உப்புக் காத்தில எல்லாம் இத்துப்போகும். வருசத்துக்கு வருசம் கூரை. நட்டம் எண்டு தெரிஞ்சுதான் நடத்தினனான். போன வருசம் ஒரு நாள், கலியாணச் சாப்பாடு ஓடர். காலமையில இருந்து உள்ளுக்கு வேலை. எல்லாம் முடிஞ்சு முகம் கழுவேக்கதான் தெரிஞ்சது, அண்டைக்கு முழுக்க நான் கடலைப் பாக்கேல்ல. ஒருக்காவும் பாக்கேல்ல. எனக்கு அப்பிடியே நடுங்கிப்போச்சு. அவர் வந்திட்டுத் திரும்பிப் போயிருந்தா எண்டு.”

இறால் ஓட்டை ஒதுக்கினார்.

“அடுத்த நாளும் பாக்கேல்ல. வேணுமெண்டு இல்லை, மறந்துபோனன். அதுக்குப் பிறகும் கதிரையைக் கடலுக்கு முகமா வைச்சுக்கொண்டு இருக்கிறது பொய்தானே, றோஸ்.”

அப்போதுதான் சொன்னேன். நானாகச் சொல்லவில்லை, அது வந்துவிட்டது. “மச்சாள், கணவாய் கேட்டது நான்.”

“தெரியும். போகேக்க எழுப்பிச் சொல்லிப்போட்டுத்தான் போனவர். ‘தங்கச்சி கேட்டவள்’ எண்டு.”

“முப்பது வருசம். ஒரு நாளும் நீங்கள் கேக்கேல்ல.”

“முதல் பத்து வருசம் எனக்கு உன்னில சரியான கோபம். உன்ர போன் வந்தா நான் பின்னுக்குப் போயிடுவன், மாமாதான் கதைப்பார். நீ நினைச்சிருப்பாய் கூச்சம் எண்டு. பிறகு மாமாவுக்குக் காது கேக்காமல் போச்சு. போனை நான்தான் எடுக்க வேண்டி வந்தது. எடுத்தா, அங்காலயிருந்து நீ ஒவ்வொரு கிழமையும் மீன் விலை கேப்பாய். வேற ஒண்டும் கேக்க உனக்குப் பயம். எனக்கு விளங்கிச்சுது.” கையைக் கழுவினார். “கோபம் போயிட்டுது எண்டு சொல்ல மாட்டன். இருக்கிற இடம் தெரியேல்ல.”

அனிற்றா மணலோடு உள்ளே வந்தாள். எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்துவிட்டு, உட்கார்ந்து இறால் உரிக்கத் தொடங்கினாள். வாலைப் பிய்த்துப் பிய்த்து எறிந்தாள். வாலை விட்டு உரிக்க அவளுக்குத் தெரியாது. மச்சாள் அவள் கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தார்.

6

மன்னாரில் பதிவுக் கந்தோர். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு இளம் பெண் இருந்தார். நல்ல பொறுமை. “அம்மா, காணாமற்போனவர் எண்டும் ஒரு சான்றிதழ் எடுக்கலாம். அதை வச்சும் சில அலுவல் பாக்கலாம். கட்டாயம் மரணச் சான்றிதழ்தான் எடுக்கோணும் எண்டில்லை. யோசிச்சுச் சொல்லுங்கோ,” என்றார்.

“யோசிச்சிட்டுத்தான் வந்தனான் பிள்ளை,” என்றார் மச்சாள்.

கடைசியாகக் கண்டவர் யார் என்று கேட்டார். மச்சாள் என்னைப் பார்த்தார். “நான்,” என்றேன். “என்ன சொன்னவர் எண்டு ஞாபகம் இருக்கோ?” என்று கேட்டார். பெட்டியைக் கட்டவேண்டாம் என்று சொன்னதைச் சொன்னேன். அவர் பேனையைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டுவிட்டு, “அதை எழுத இதில இடமில்லை அம்மா,” என்று வருத்தமாகச் சொன்னார்.

அடுத்தது இறந்த திகதி. கடைசியாகக் கண்ட நாளையே போடலாம் என்றார்.

“அந்த நாள் வேண்டாம்,” என்றார் மச்சாள்.

“ஏன் அம்மா?”

“அண்டைக்கு அவர் உயிரோட போனவர். நான் கரைக்குப் போய்ப் பாக்கேல்ல, ஆனா சத்தம் கேட்டனான். சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு போனவர். அந்த நாளை அவருக்கு விடுங்கோ. அடுத்த நாளைப் போடுங்கோ.”

அந்தப் பெண் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு அடுத்த நாளை எழுதினார். நான் சாட்சியாகக் கையெழுத்து வைத்தேன். முப்பது வருடத்துக்கு முன் பிழையான மொழியில் வாய் தவறிச் சொன்னதை, இந்த முறை தமிழில் தெரிந்தே சொன்னேன். அதனால் அது இலேசாகிவிடவில்லை.

வெளியே வந்ததும் அனிற்றா என் தோளில் கை போட்டாள். “அம்மா, அவர் என்ன வேலை செய்தவர், என்ன பாட்டுப் பாடுவார், ஒண்டும் நீங்கள் எனக்குச் சொன்னதில்லை,” என்றாள். அவள் விலகிப் போனாள் என்று எத்தனையோ பேரிடம் குறைப்பட்டிருக்கிறேன். இருந்த கதவுகளில் ஒன்றை நானே சாத்தி வைத்திருந்தேன்.

7

கடை என்ன ஆனது என்று கேட்பீர்கள். கொழும்புக்காரர் சொன்ன விலையை அனிற்றாவும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். மேசை, கூரை, கட்டடம் எல்லாவற்றையும் உப்பு தின்றுவிட்டது. அவற்றுக்கு அவர் தருவதாகச் சொன்னது அதிகம். நிலத்துக்குச் சொன்னது குறைவு. சமையலுக்கு ஒரு சதமும் போட்டிருக்கவில்லை. “அவர் வாங்கிறது கடலை, மாமி. உங்கட நண்டுக்கறியை இல்லை. நிலத்தை நல்ல விலைக்குக் குடுங்கோ. சமையலைக் கொண்டு போங்கோ,” என்றாள் அனிற்றா. அந்த வாக்கியத்தை ஒரு இடத்திலும் தடுமாறாமல் சொன்னாள்.

ஐந்து மாதத்தில் கடுதாசிகள் சரிவந்தன. அவர் நாங்கள் கேட்ட விலைக்கு வந்தார். மச்சாள் அப்பாவின் வீதியோரக் காணியில் ஆறு மேசையோடு தொடங்கியிருக்கிறார். தலைமன்னார் பஸ்காரர் அங்கே நிறுத்துகிறார்களாம். மத்தியானம் இரண்டு மணிக்கு நண்டு முடிந்துவிடுகிறதாம். அங்கிருந்து கடல் தெரியாது.

ஆனால் எனக்குத் திரும்பத் திரும்ப வருவது இதுவல்ல. கந்தோருக்குப் போன கிழமையில் வந்த ஞாயிற்றுக்கிழமைப் பூசை.

எங்கள் கோயிலில் விசுவாசிகள் மன்றாட்டின்போது, கடலில் இருக்கிறவர்களுக்காக என்று சில பெயர்கள் வாசிப்பார்கள். முப்பது வருடமாக ஒரு ஞாயிறும் தவறாமல் அதில் அண்ணனின் பெயர் இருந்திருக்கிறது. பங்குச் சுவாமிமார் எத்தனையோ பேர் மாறினார்கள், அந்தப் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. அன்று காலை மச்சாள் நேரத்தோடு போய், அதை மரித்தோர் பட்டியலுக்கு மாற்றி எழுதிக் கொடுத்திருந்தார். நாங்கள் மூவரும் நடுவரிசையில் இருந்தோம். அனிற்றா நடுவில்.

கடலில் இருக்கிறவர்களின் பெயர்கள் முடிந்தன. அண்ணன் இல்லை. எனக்குப் பின்னால் யாரோ ஒருவர் செருமினார். அந்த இடத்தில் அந்தப் பெயர் அவருக்கும் பழகியிருக்கும். பிறகு மரித்தோர். வாசித்த பெண்பிள்ளை ஒவ்வொரு பெயருக்கும் சரியான இடைவெளி விட்டு வாசித்தாள்.

“அந்தோனி சூசை.”

நான் திரும்பி வாசலைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியாது. வாசலில் வெயில் விழுந்து கிடந்தது. ஒரு ஆள் வந்து நின்றால் முகம் தெரியாத அளவுக்கு வெளிச்சம். பார்வையை எடுத்தபோது, மச்சாளும் கழுத்தைத் திருப்பி அதே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆர் வந்தது?” என்று அனிற்றா கேட்டாள்.

சனம் எல்லாம் எழுந்துவிட்டது. மச்சாள்தான் முதலில் முன்பக்கம் திரும்பினார். பாட்டுப் புத்தகத்தில் பக்கத்தைத் தேடி எடுத்து, அனிற்றாவுக்கும் தெரியும்படி பிடித்துக்கொண்டு, பாடத் தொடங்கினார்.